துளைக்கருவியின் பாட்டரியைப் பண்ணைக்கு உபயோகித்தல்

2023-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததையும் தூத்துக்குடி ஜில்லாவாசிகள் மறந்திரார். அத்தகைய சமயத்தில் தச்சுவேலைக்கு வாங்கிய துளைக்கருவியின் பாட்டரி நிறைந்த சக்தியுடன் அலமாரியில் கிடக்க, பக்கத்தில் கைபேசி அணைந்து கிடப்பது வருந்தத்தக்கது. அப்பாட்டரியைப் பிற காரியங்களுக்கும் பயன்படுத்தும் இணைப்பு ஒன்றைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். ஆயினும் ஜாக்கிரதையின்றிச் செய்தால் பாட்டரி கெடுவதுடன் தீயும் பற்றும்.

வயரின்றி ஓடும் கருவிகளுக்குரிய 18 வோல்ட் பாட்டரியில், தனித்தனி 3.6 வோல்ட் கொண்ட லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. முழுதும் ஏற்றியபின் இது 21 வோல்ட் காட்டும். கடைகளில் 20 வோல்ட் என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இதுவேயாம். பெயரைக் கண்டு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் 90 வாட்-மணி சக்தி உண்டு. கைத்தெளிப்பானிலுள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியின் சக்தி 96. ஆனால் அதன் எடை ஏறக்குறைய 2½ கிலோ, இதுவோ முக்கால் கிலோவுக்கும் குறைவு.

பழுதாகிப்போன துளைக்கருவி ஒன்று கிடைத்தால் அதன் கைப்பிடியின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்துக்கொள்வது உத்தமம். அப்பாட்டரி சரியாகப் பொருந்தும் தகடுகள் அதிலேயே இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் வேறுபடுமாதலால் ஒன்றன் அடிப்பாகம் மற்றொன்றுக்கு உதவாது. நேர், எதிர்த் தகடுகளை மல்டிமீட்டரால் சோதித்து அடையாளமிடுக. மற்றத் தகடுகள் பாட்டரியின் சூட்டையும் பிறவற்றையும் கருவிக்கு அறிவிப்பவை, அவற்றைத் தொடவேண்டாம்.

நேர்த்தகட்டிலிருந்து புறப்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில், தகட்டுக்கு நான்கு விரற்கடைக்குள், மோட்டார் வண்டிகளில் உள்ளது போன்ற 10 ஆம்பியர் பியூஸ் இருத்தல் அவசியம். அதன் பின்னர் தாழ்ந்த வோல்ட்டில் துண்டிக்கும் பலகையைச் சேர்க்க வேண்டும். இப்பலகை வீண் செலவென்று பலர் விட்டுவிடுகின்றனர். நமது அபிப்பிராயத்தில் இதுவே முக்கியமானது. ஏனெனில், பல பாட்டரிகளில் சக்தி குறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடு பாட்டரியில் இல்லாமல் கருவிக்குள் இருக்கிறது. கருவியை நீக்கி நேரே விளக்கை மாட்டினால் தடுப்பாரின்றிச் செல் வற்றிவிடும். ஒரு செல் 2½ வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே கெடுதல் உண்டாகி, மறுபடி ஏற்றும்பொழுது அபாயம் நேரலாம். ஆகையால் 15½ வோல்ட்டில் துண்டிக்குமாறும், 18 வோல்ட் வந்தபின்னரே திரும்பச் சேருமாறும் திருத்துக. இவ்விடைவெளி இல்லாவிடில் சுமை நீங்கியதும் வோல்ட் சற்று ஏறி, விளக்கு விட்டுவிட்டு எரியும்.

அடுத்தது வோல்ட்டைக் குறைக்கும் பலகை. கடையில் பக் கன்வர்ட்டர் என்று கேட்கவும். எதையும் மாட்டுவதற்கு முன் அதன் திருகைத் திருப்பி, மீட்டரில் 12 வோல்ட் நிற்கும்படி செய்க. தெளிப்பான் மோட்டார் கிளம்பும் சமயம் அதிகம் இழுக்குமாதலால் 10 ஆம்பியர் பலகையே தக்கது. முடிவில் காரில் உள்ளது போன்ற சாக்கெட் ஒன்றை வைத்தால் கைபேசிச் சார்ஜரும் அதில் பொருந்தும்.

இவ்விதம் 9 வாட் விளக்கு ஒன்று சுமார் 8 மணி நேரம் எரியும். வீட்டு விளக்கு எரியாது. 12 வோல்ட் விளக்கையே வாங்குக. விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலில் மக்காச்சோளப் படைப்புழுவின் அந்துப்பூச்சியைக் கண்காணிக்க அந்தி முதல் இரவு 10 மணி வரை விளக்குப்பொறி வைப்போருக்கு இரண்டு இரவுக்குத் தாராளமாகப் போதும். 5 குதிரைச்சக்திக் கிணற்று மோட்டாரை இதனால் ஓட்டலாமா என்று கேட்போர் உளர். கணக்குப்படி ஒன்றரை நிமிஷத்திற்கே வரும்!

கடற்கரைப் பிரதேசங்களில் உப்புக்காற்றினால் தகடுகளில் பச்சைக்களிம்பு பிடித்து, அவ்விடம் சூடேறும். வாரந்தோறும் உலர்ந்த துணியால் துடைத்து, பற்றவைத்த இடங்களில் வாஸலின் தடவுக. வேலை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். விளக்கு அணைந்திருப்பினும் பலகைகள் சிறிது சக்தியை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அதற்குரிய சார்ஜரிலன்றி வேறெதிலும், இவ்விணைப்பின் வழியாகவும், ஏற்றலாகாது.

வெள்ளத்திலோ உப்பு நீரிலோ முழுகிய பாட்டரி உலர்ந்து நல்லதுபோல் தோன்றினும், சில நாள் கழித்துத் தானே தீப்பற்றக்கூடும். அதை ஏற்றாமல், வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் தொலைவில் வெட்டவெளியில் வைக்குமாறு கிராம நிர்வாக அலுவலர்கள் ஜனங்களுக்கு அறிவிப்பது நலம். கெட்ட பாட்டரிகளைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடம் சேர்ப்பிக்கவும். 2022-ம் வருஷத்திய பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.