ஆன்லைன் டெண்டருக்குப் பிறகும்

கேள்வி: டெண்டர் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டது. இனி ஊர்மக்கள் கேட்க என்ன இருக்கிறது? (வள்ளியூர் வாசகர்)

பதில்: நிறைய இருக்கிறது. பெட்டியில் விண்ணப்பம் போடவிடாமல் மறிப்பதை ஆன்லைன் முறை தடுக்கும். போட்டியாளர்கள் முன்கூட்டியே பேசிவைப்பதைத் தடுக்காது. ஆகவே முதலில் டெண்டர் போடத் தரும் அவகாசத்தைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள். அதைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கேளுங்கள்.

‘குறைந்த தொகைக்குத்தானே கொடுத்தார்கள்?’ என்பார்கள். தொகை குறைந்து சாலையின் கனமும் குறைந்தால் ஊருக்கு நட்டம்தான். பணம் கசியும் இடம் டெண்டர் மட்டும் அல்ல, முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகமும்தான். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் ஆவணங்களோடு பணியையும் நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. கவுன்சிலரிடம் கேட்பதோடு நிற்காமல் அந்தச் சட்டத்தின்கீழும் மனுப் போடுங்கள்.