பின்சக்கரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பழைய ரோடு சைக்கிளை ஃபிக்ஸட் கியராக மாற்றுவதென்றால் கியர்களையும் கேபிள்களையும் கழற்றிப் போடுவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கழற்றுவது எளிது. பெடலையும் பின்சக்கரத்தையும் பிரியாமல் பூட்டுவதுதான் உண்மையான வேலை; சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். அந்தப் பூட்டு இருப்பது பின் ஹப்பில். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு டிராக் ஹப் கோத்த பின்சக்கரத்துக்குத்தான் போக வேண்டும் என்பேன். பெயின்ட்டையும் கலர் டயரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் மரையில் இருக்கிறது. ஃப்ரீவீல் மாட்டும் பழைய ஹப்பில் வலது மரை மட்டும்தான் உண்டு. முன்னோக்கி மிதித்தால் பல்சக்கரம் இறுகும். வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தினால் கழலப் பார்க்கும். டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், இடது மரை ஒன்று வெட்டியிருப்பார்கள். லாக்ரிங் அதில்தான் ஏறும். பல்சக்கரம் கழலத் திரும்பினால் லாக்ரிங்கையும் சேர்த்துத் திருப்பும். திரும்பத் திரும்ப லாக்ரிங் இறுகும். பழைய ஹப்பிலேயே மரைப்பசை தடவி, பெடல் அச்சின் லாக்ரிங்கை மேலே முறுக்கினால் போதாதா என்று கேட்பார்கள். பல நாள் தாங்கவும் செய்யும். ஆனால் இரண்டும் ஒரே வலது மரையில் இருப்பதால் கழலும் திசையும் ஒன்றே. மிக ஓங்கி அழுத்தும் நேரத்தில்தான், அதாவது குறுக்கே யாராவது வந்துவிட்ட நேரத்தில்தான், அது கைவிடும். ஆங்கிலத்தில் இதைத் ‘தற்கொலை ஹப்’ என்றே சொல்கிறார்கள்.

ஃபிரேமில் முதலில் பார்க்க வேண்டியது பின் அச்சு உட்காரும் வெட்டு. 1970, 80களின் ஸ்டீல் ஃபிரேம்கள் பலவற்றில் அது படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கலாம். செங்குத்து வெட்டு என்றால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் வைத்து இறுக்கும் கருவி இங்கே உதவாது. எதிர்த்து அழுத்தும்போது கீழ்ச் செயின்தான் விறைக்கும், கருவி வளைந்துவிடும். பின் இடைவெளி 126 மி.மீ., டிராக் ஹப் 120 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போதும். இறுக்கியபின் பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிகவும் விறைக்கும் இடத்தில் நிறுத்தி, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கேயும் அரை அங்குலம் ஆட வேண்டும். அதிகம் தொங்கினால் செயின் கழன்று பின்சக்கரத்தையே பூட்டிவிடும்.

காலே பிரேக் ஆகும்போது முன் பிரேக் எதற்கு, அழகு கெடுகிறதே என்பது இன்னொரு வாதம். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின் டயர் தரையை விட்டு லேசாகி வழுக்கும். பின்னால் மட்டும் பிடித்து நிற்க அதிகத் தூரம் வேண்டும். பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள் ஃபிக்ஸட் கியரைப் பின் பிரேக்காக ஏற்றுக்கொண்டும் முன் பிரேக்கைக் கட்டாயமாக்குவது இதனால்தான் பொருத்தமாகப் படுகிறது. சக்கரத்தைப் பூட்டி வழுக்கியே நிறுத்துவேன் என்பவர் பல் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும்: முன்னால் 48, பின்னால் 16 என்றால் ஒரே காலை முன்வைத்துப் பூட்டும்போதெல்லாம் டயரின் ஒரே இடம்தான் தேயும், 46க்கு 16 வைத்தால் அந்தத் தேய்மானம் எட்டு இடங்களுக்குப் பிரியும்.