மூளைக் கட்டியும் அதன் மரபு அடையாளங்களும்



வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று வைத்தியர் சொல்லிவிட்டால், எல்லோர் நெஞ்சிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "இனி எவ்வளவு காலம்?" இக்கேள்விக்கு விடை தேடும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. அதனை இங்கு சற்று விளங்கிக்கொள்வோம்.

1926இல் அமெரிக்காவில் பேர்சிவல் பெயிலி, ஹார்வி குஷிங் என்னும் இருவர் மூளைக் கட்டிகளை வகைப்படுத்தினர். நுணுக்குக்காட்டியில் கலங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதே அவர்களது அளவுகோல். பல தசாப்தங்களாக அதுவே வழக்கிலிருந்தது. ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. ஒரே தோற்றமுடைய கட்டியுள்ள இருவரில் ஒருவர் ஓராண்டில் இறந்துபோக, மற்றவர் பல்லாண்டு வாழ்வதுண்டு. அதற்கான காரணத்தின் பெரும்பகுதி கட்டிக் கலங்களின் பரம்பரை அலகுகளில் மறைந்திருந்தது.

அவற்றுள் முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, ஐ.டி.எச். என்னும் பரம்பரை அலகு. சில மூளைக் கட்டிகளில் இது விகாரமடைந்திருப்பதை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். விகாரம் என்றதும் அஞ்சுகிறோம். ஆனால் இங்கே விகாரம் உள்ளவர்களே, அது இல்லாதவர்களைவிட நெடுங்காலம் வாழ்கின்றனர்.

இரண்டாவது, முதலாம் நிறமூர்த்தத்தின் குறுகிய புயமும் 19ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயமும் கட்டிக் கலங்களில் ஒருங்கே இழக்கப்பட்டிருத்தல். இது ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்னும் கட்டியின் அடையாளம். இவ்விழப்பு உள்ள நோயாளிகளை வட அமெரிக்க ஆய்வொன்று நெடுங்காலம் அவதானித்தது. கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைய வாழ்நாள் 7.3 ஆண்டுகள், மருந்துச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.7 ஆண்டுகள்.

மூன்றாவது, எம்.ஜி.எம்.ரி. ரெமொசொலமைட் என்னும் மருந்து கட்டிக் கலத்தின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துகிறது. இந்த அலகு உருவாக்கும் புரதமோ அச்சேதத்தைத் திருத்திவிடுகிறது. சில கட்டிகளில் இவ்வலகு வேதியியல் பூட்டொன்றினால் அடைக்கப்பட்டிருக்கும். அங்கே திருத்துவோர் இல்லை. மருந்து நன்கு வேலை செய்யும். 2005இல் வெளியான ஐரோப்பிய - கனேடிய ஆய்வில், கதிருடன் இம்மருந்தையும் பெற்றோரில், பூட்டு இருந்தவர்களில் 100க்கு 46 பேரும், இல்லாதவர்களில் ஏறத்தாழ 14 பேரும் ஈராண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர்.

2021இல் உலக சுகாதார ஸ்தாபனம், வளர்ந்தோரில் ஐ.டி.எச். விகாரம் அற்ற கட்டிகளுக்கு மட்டுமே கிளையோபிளாஸ்ரோமா என்ற பெயரை ஒதுக்கியது. கடுமையான அக்கட்டிக்கும் விகாரமுள்ள கட்டிக்கும் இன்று பெயரே வேறு.

இனி, குடும்பத்தவர் மனதிற்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று: "பரம்பரை அலகு" என்ற சொல்லைக் கேட்டதும், "பிள்ளைகளுக்கும் வருமோ?" என்று பெற்றோர் கலங்குகின்றனர். தங்கைக்குப் பேசிய சம்பந்தம் குழம்பிவிடும் என்று நோயையே மறைப்பாரும் உளர். மேற்சொன்ன மாற்றங்கள் பொதுவாகக் கட்டியின் கலங்களில் மட்டுமே, வாழ்நாளின் இடையில் தோன்றுபவை. பெற்றோரிடமிருந்து வந்தவையுமல்ல, பிள்ளைகளுக்குப் போகின்றவையுமல்ல. பரம்பரையாக வரும் மூளைக் கட்டிகளும் உண்டு. ஆனால் அவை அரிது. ஐயமிருந்தால் வைத்தியரிடமே கேளுங்கள், அயலாரிடம் அல்ல.

இரண்டு: இடைய வாழ்நாள் என்பது நாட்காட்டியில் குறித்த திகதியன்று. அதற்கு முன் பாதிப்பேர் இறந்தனர், பாதிப்பேர் அதனைக் கடந்தும் வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள். மேற்சொன்ன 2005ஆம் ஆண்டு மருந்தாய்வில், கதிரும் மருந்தும் பெற்றோரின் இடைய வாழ்நாள் 14.6 மாதங்கள். ஆயினும் அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 10 பேர் ஐந்து ஆண்டுகளின் பின்னும் வாழ்ந்திருந்தனர். வயது, உடல்நிலை, சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட அளவு ஆகியனவும் கணக்கில் சேரும்.

ஆகவே, வைத்தியரிடம் "எவ்வளவு காலம்?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். "இந்த அடையாளங்கள் பரிசோதிக்கப்பட்டனவா? அவற்றின்படி எந்தச் சிகிச்சை பொருந்தும்?" என்றும் கேளுங்கள். அந்த உரையாடலில் நோயாளியையும் அருகில் இருத்துங்கள். இது அவருடைய வாழ்வு. எஞ்சிய காலம் நீண்டதோ குறுகியதோ, அதனை எப்படி வாழ்வது என்று முடிவுசெய்யும் உரிமை முதலில் அவருக்கே உரியது.