பேசித் தீர்க்கச் சொன்ன வழக்கறிஞர்

கேள்வி: தொழிலாளர் சட்டப் பாடத்தில் வரும் ‘கிரி அணுகுமுறை’, குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரியைத்தான் குறிக்கிறதா? சட்டம் படித்தவரே தொழில் தகராறுகளைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றது ஏன்?

பதில்: அவரையேதான். 1894இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் பிறந்த கிரி, டப்ளினில் சட்டம் பயின்றார். அயர்லாந்தின் விடுதலை இயக்கமும் தொழிற்சங்க இயக்கமும் அவரை ஈர்த்தது அங்கேதான். 1916இல் நாடு திரும்பிச் சொந்த ஊரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியவர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது அதைக் கைவிட்டார். பிறகு பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர் சங்கம், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் (ஏஐடியுசி) தலைமை, 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை, 1947இல் இலங்கைக்கான இந்தியத் தூதர் பதவி என்று வாழ்க்கை பல திசைகளில் போயிற்று. 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானார்.

2025 வரை நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி, இரு தரப்பும் கேட்காவிட்டாலும் அரசு ஒரு தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப முடிந்தது. கிரிக்கு உடன்பாடில்லாதது இந்தக் கட்டாயம்தான். கடைசியில் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்தால், நிர்வாகமும் சங்கமும் முதல் நாளிலிருந்தே வழக்குக்குத்தான் தயாராகும். யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். உறுப்பினர் பலத்தை வளர்க்க வேண்டிய சங்கம் மனு எழுதும் அலுவலகமாகிவிடும். நேரடிப் பேச்சு, முடியாவிட்டால் சமரசம், அதுவும் முடியாவிட்டால் இரு தரப்பும் சம்மதித்துத் தேர்ந்தெடுக்கும் நடுவர் என்பதே அவர் சொன்ன வரிசை; அதுதான் ‘கிரி அணுகுமுறை’. பல சங்கங்களே இதை ஏற்கவில்லை. ஆள்பலம் குறைந்த சங்கத்துக்குத் தீர்ப்பாயம்தானே துணை? அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. கிரி அதைக் குறைத்தே மதிப்பிட்டார் எனலாம். கட்டாயத் தீர்ப்பு முறை சட்டத்தில் நீடித்தது.

1954இல் நடந்தது சற்று விசித்திரம். வங்கி ஊழியர் ஊதியம் குறித்துத் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த முடிவை, மத்திய அரசு, அந்த ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. அதை எதிர்த்து அமைச்சர் பதவியையே துறந்தார் கிரி. தீர்ப்பாயம் வேண்டாம் என்றவர் தீர்ப்புக்காகப் பதவி விலகியதில் முரண் ஏதும் இல்லை. ஒரு வழியில் தகராறைத் தீர்க்க அரசே அனுப்பிவைத்துவிட்டு, முடிவு வந்தபின் அதில் கை வைத்தால், அடுத்த முறை எந்தத் தொழிலாளியும் எந்த வழியையும் நம்பமாட்டார்.

அவர் வற்புறுத்திய நடுவர் முறை, அவர் விலகிய பின் 1956இல் 10ஏ பிரிவாகச் சட்டத்தில் சேர்ந்தது. சமரசத்துக்கு அச்சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே தனி மதிப்பு இருந்தது. தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்களில் ‘12(3) ஒப்பந்தம்’ என்று சொல்லாத நாள் இருந்ததில்லை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் இந்த ஒப்பந்தம், சங்கத்தில் சேராதவர், பின்னால் வேலைக்கு வருபவர் உட்பட நிறுவனத் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தியது. அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தாமே போடும் 18(1) ஒப்பந்தமோ கையெழுத்திட்டவர்களோடு நின்றுவிட்டது. அந்தச் சமரச மேசையில் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் ஆஜராக, அதே சட்டத்தின் 36(3) பிரிவு இடம் தரவில்லை.