கிராஃப் தாளோடு உட்காரும் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே உதவ…

ஒன்பதாம் வகுப்பில் இருமாறி நேரியல் சமன்பாடு வந்ததும், கணக்குப் பாடத்தில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பல பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை. இந்தப் பாடத்தின் உயிர் ஒரே விஷயத்தில் இருக்கிறது: கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு விடை, கோட்டுக்கு வெளியே உள்ள எந்தப் புள்ளியும் விடை ஆகாது. இது மனதில் பதிந்த பிள்ளை வழிமுறையை மறந்தாலும் தட்டுத் தடுமாறி விடைக்கு வந்துவிடும். பதியாத பிள்ளை ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போடும், அந்தக் கோடு எதற்கு என்று கேட்டால் விழிக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் என்பது உண்மைதான். அந்த 8 மதிப்பெண்ணும் இந்தப் புரிதலைத் தொடர்ந்துதான் வரும்.

1. உண்டியலில் தொடங்குங்கள். 5 ரூபாய் நாணயங்களும் 10 ரூபாய் நாணயங்களும் கொண்டு 100 ரூபாய் சேர்க்க வேண்டும். எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். எக்ஸ், ஒய் எதையும் இப்போது எடுக்காதீர்கள். பிள்ளையே எழுதட்டும்: 5 ரூபாய் 20, 10 ரூபாய் ஒன்றும் இல்லை, 18-ம் 1-ம், 16-ம் 2-ம்… கடைசியில் 5 ரூபாய் ஒன்றும் இல்லை, 10 ரூபாய் 10. மொத்தம் 11 விதம். இந்த 11 சோடிகளையும் கிராஃப் தாளில் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். யாரும் கோடு போடாமலேயே அவை ஒரே வரிசையில் வந்து நிற்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். 5எக்ஸ் + 10ஒய் = 100 என்று எழுத வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன்பு அல்ல.

அங்கேயே இன்னொரு கேள்வி கேளுங்கள். 5 ரூபாய் 7, 10 ரூபாய் 4 இருந்தால்? 35-ம் 40-ம் சேர்ந்து 75 ரூபாய். (7, 4) என்ற புள்ளி கோட்டுக்குக் கீழே விழும். 100 ரூபாய்க்குக் குறைவான எல்லாச் சேர்க்கையும் கோட்டுக்குக் கீழே, கூடுதலான எல்லாம் மேலே. அடுத்து (3, 8.5) என்ற புள்ளியைக் காட்டுங்கள். 15-ம் 85-ம் சேர்ந்து 100, சமன்பாடு சரியாக வருகிறது. ஆனால் அரை நாணயம் கிடையாது. சமன்பாட்டுக்கு முழுக் கோடும் விடை, உண்டியலுக்கு அந்த 11 புள்ளிகள் மட்டுமே விடை. இந்த வித்தியாசத்தை நிதானமாகப் பேசுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு மாலை முழுவதும் இதற்கே போனாலும் நல்லது.

2. (3, 2)-ஐயும் (2, 3)-ஐயும் மாற்றிக் குறிப்பதுதான் வகுப்பில் அதிகம் நடக்கும் தவறு. முதலில் தரையில் நட, பிறகு ஏணியில் ஏறு என்று சொல்லிக்கொடுங்கள். முதல் எண் நடை, இரண்டாவது எண் ஏற்றம். குறை எண் வந்தால் இடப்பக்கம் நடக்க வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும். இரண்டு எண்களால் ஓர் இடத்தைச் சொல்லி, சமன்பாட்டையும் கோட்டையும் ஒன்றாக்கிக் காட்டியவர் பிரான்சு நாட்டு ரெனே டெகார்த். அவருடைய வடிவியல் நூல் வந்த ஆண்டு 1637. அவர் பெயரால்தான் இதைக் கார்ட்டீசியன் தளம் என்கிறோம்.

3. எக்ஸுக்கு எந்த எண்ணையும் போடலாம் என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் 1, 2, 3 என்று போட்டுவிடுகிறார்கள். 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற சமன்பாட்டில் எக்ஸ் = 1 என்றால் ஒய் 10/3; அதை எங்கே குறிப்பது? ஒய்க்கு முன்னால் 3 இருக்கிறது, 12-ம் 3-ஆல் வகுபடும்; அதனால் எக்ஸுக்கு 3-இன் மடங்குகளைப் போடுங்கள். −3 போட்டால் 6, 0 போட்டால் 4, 3 போட்டால் 2, 6 போட்டால் 0. எல்லாம் முழு எண். அரை நிமிடம் யோசித்தால் பத்து நிமிட அழித்தல் மிச்சம்.

4. விரலால் மறைக்கும் வழி. அதே 2எக்ஸ் + 3ஒய் = 12-இல் 2எக்ஸை விரலால் மறைத்தால் 3ஒய் = 12; கோடு ஒய் அச்சை வெட்டும் இடம் 4. 3ஒய்யை மறைத்தால் 2எக்ஸ் = 12; எக்ஸ் அச்சை வெட்டும் இடம் 6. இரண்டு புள்ளிகள் மனக்கணக்காகவே வந்துவிட்டன. 3எக்ஸ் − 2ஒய் = 0 போல வலப்பக்கம் சுழியம் இருந்தால் மட்டும் இது உதவாது. இரண்டு வெட்டும் இடமும் ஆதிப்புள்ளியே ஆகிவிடும். அப்போது (2, 3), (4, 6) என்று வேறு புள்ளிகளைத் தேட வேண்டும்.

5. கோடு போட இரண்டு புள்ளி போதும். ஆனாலும் எப்போதும் மூன்று குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது புள்ளி கணக்கைச் சரிபார்க்கும் சாட்சி. மூன்றும் ஒரே கோட்டில் வரவில்லை என்றால், ஸ்கேலைச் சாய்த்து எப்படியாவது சேர்க்கப் பார்க்கக் கூடாது. எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது, அதைத் தேட வேண்டும். பெரும்பாலும் அந்தப் பிசகு அடுத்த குறிப்பில் இருக்கும்.

6. குறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி கட்டாயம். 3எக்ஸ் − 2ஒய் = 6-இல் எக்ஸ் = −2 என்றால் முதலில் 3(−2) என்றே எழுதட்டும். −6 − 2ஒய் = 6, அதனால் −2ஒய் = 12, ஒய் = −6. அடைப்புக்குறியை விட்டுவிட்டு மனதில் வைத்துக்கொள்ளும் பிள்ளைதான் ஒய் = 0 என்று கொண்டுவந்து நிற்கும்.

7. தாள், பென்சில். அச்சுகளைப் போடுவதற்கு முன்பே அட்டவணையைப் பார்த்து, மிகப் பெரிய எண்ணும் மிகச் சிறிய எண்ணும் தாளுக்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அளவுத்திட்டத்தை (எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு என்பதுபோல) தாளின் வலது மேல் மூலையில் எழுத வேண்டும். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு தேவையில்லை. பென்சில் கூர்மையாக இருக்கட்டும். கோட்டின் இரு முனையிலும் அம்புக்குறி, கோட்டின் ஓரத்தில் அதன் சமன்பாடு.

8. சாய்வைச் சூத்திரமாகத் தொடங்காதீர்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தைப் பாருங்கள். அது 12-க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும்: 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம். ஒய் = எக்ஸ்/12 என்ற கோடு அது. வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படி இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளத்துக்கு 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர் இடம் வேண்டும். உங்கள் வாசலில் அத்தனை இடம் இருக்கிறதா என்று பிள்ளையையே டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பல கட்டடங்களின் வாசலில் பெயருக்குக் கட்டிய செங்குத்தான சாய்தளங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவற்றை அளந்தால் சாய்வு என்ன என்று பிள்ளைக்குத் தெரிவதோடு, அது யாருக்குத் தேவை என்பதும் தெரியும்.

9. மாறா எண் எங்கிருந்து வருகிறது என்று காட்ட ஆட்டோ கட்டணம் நல்ல உதாரணம். 2013-இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். 2.8 கி.மீ. போனால் 37, 3.8 போனால் 49. 1.8-ஐத் தாண்டிய தூரத்துக்குச் சமன்பாடு ஒய் = 12எக்ஸ் + 3.4. 5 கி.மீ.க்கு 63 ரூபாய் 40 காசு. இந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை 3.4-இல் வெட்டும், ஆனால் 3 ரூபாய் 40 காசுக்கு எந்த ஆட்டோவும் கிடையாது. 1.8 வரை 25-இல் படுத்திருக்கும் கோடு, அங்கிருந்து ஏறத் தொடங்குகிறது. ஒரு சமன்பாடு எந்த எல்லைக்குள் உண்மை என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

10. இரண்டு கோடுகள் வெட்டும் இடம், இரண்டு நிபந்தனைக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் விடை. பழைய உண்டியலுக்கே திரும்புங்கள். 100 ரூபாய் இருக்கிறது, மொத்தம் 14 நாணயம். எக்ஸ் + ஒய் = 14 என்ற இரண்டாவது கோட்டை அதே தாளில் போட்டால் (8, 6)-இல் வெட்டும். தாளில் படித்த விடையை அப்படியே நம்பாமல் இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும்: 40 + 60 = 100; 8 + 6 = 14.

11. வீட்டுச் செலவுக்கும் இதுவே கை கொடுக்கும். 60 வாட் குண்டு பல்பு 15 ரூபாய், 9 வாட் எல்இடி 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஒரு மணி நேரத்துக்குக் குண்டு பல்பின் செலவு 30 காசு, எல்இடியின் செலவு 4.5 காசு. ஒய் = 15 + 0.3எக்ஸ், ஒய் = 100 + 0.045எக்ஸ். 200 மணி நேரத்தில் 75-ம் 109-ம். 400 மணி நேரத்தில் 135-ம் 118-ம். இடையில் ஏறக்குறைய 333 மணி நேரத்தில் கோடுகள் வெட்டுகின்றன. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் 67 நாளில் எல்இடி தன் கூடுதல் விலையை மீட்டுவிடும். வெட்டும் புள்ளிக்கு இடப்பக்கம் எது மலிவு, வலப்பக்கம் எது மலிவு என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும், அதுவரை விடாதீர்கள். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும். ஆகவே முழு பில்லும் ஒரே நேர்கோடாக வராது. வளைவு இல்லாமல், இடையிடையே முறிந்து முறிந்து ஏறும் கோடாக வரும்.

12. 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 24. எக்ஸ் கெழுக்களின் விகிதமும் ஒய் கெழுக்களின் விகிதமும் ஒன்று, மாறிலிகளின் விகிதம் மட்டும் வேறு: இணைகோடுகள், விடை இல்லை. இரண்டாவது சமன்பாட்டில் 24-க்குப் பதில் 12 இருந்தால் இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற விடைகள். வரைவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

13. எக்ஸ் = 3 என்பது நின்ற கோடு. எக்ஸ் அச்சுக்கு இணையாக இருக்கும் என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். எக்ஸ் 3 ஆக இருக்கும் நாலைந்து புள்ளிகளை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

14. "அப்பாவின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு." அ = 3ம என்று எழுத வேண்டியதை 3அ = ம என்று எழுதுவது உலகெங்கும் பிள்ளைகள் செய்யும் தவறு.  36, 12 என்று தெரிந்த எண்களைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்றே இதற்கு மருந்து.

15. கையால் வரைந்து முடித்த பிறகு ஜியோஜீப்ரா என்ற இலவசச் செயலியில் அதே சமன்பாட்டைப் போட்டு ஒப்பிடலாம். வரைவதற்கு முன்பு வேண்டாம்.

16. பயன்படும் ஒரு கிராஃபை வரைந்து வீட்டில் வையுங்கள். காய்ச்சலுக்கு ஒரு தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டும், மருத்துவர் ஃபாரன்ஹீட்டில் கேட்பார். எஃப் = 1.8சி + 32. சுழியத்திலிருந்து தொடங்கினால் தேவையான பகுதி தாளின் மூலையில் ஒடுங்கிவிடும். கிடை அச்சை 35-இலிருந்தும் செங்குத்து அச்சை 95-இலிருந்தும் தொடங்கி, அச்சு முறிந்திருப்பதைக் காட்ட அடியில் ஒரு நெளிவு போடுங்கள். 1 டிகிரி செல்சியஸுக்கு 2 செ.மீ., 1 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு 1 செ.மீ. (35, 95), (37, 98.6), (40, 104) ஆகிய மூன்றையும் குறித்துக் கோடு போட்டால், 38.5 என்று தெர்மாமீட்டர் காட்டும்போது 101.3 என்று படித்துக்கொள்ளலாம். மருந்துப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.