ஒரு நொடிப் பொறுமை

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில் அமைந்த ஊர் அரியாங்குப்பம். உரோமருடன் வாணிகம் நிகழ்ந்த தொன்மை மிக்க அரிக்கமேடு, இவ்வூரை அடுத்த ஆற்றங்கரையில் உள்ளது. அந்நாளில் ஆறும் கடலும் மக்களுக்கு வழியாயின. இந்நாளில் கடலூர்ச் சாலையே பெருவழி. சொந்த ஊர்தி இல்லாத முதியோர்க்கு அச்சாலையில் ஓடும் பேருந்தே துணை.

இவ்வூர் மூதாட்டி ஒருவர் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்கிறார் எனக் கொள்க. புதுச்சேரிப் பேருந்து நிலையம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மற்றொன்று. திரும்பும்போதும் அவ்வாறே. ஆகவே, ஒரே நாளில் அவர் நான்கு முறை ஏறவும் நான்கு முறை இறங்கவும் வேண்டும். இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரத்தைவிட இவ்வெட்டு வேளைகளிலேயே இடர் மிகுதி.

இதன் காரணத்தை அறிவியல் விளக்குகிறது. நின்ற பேருந்து திடீரெனப் புறப்படும்போது, தளத்தில் ஊன்றிய பாதங்கள் அதனுடன் முன்னே செல்கின்றன. மேலுடலோ நிலைமத்தால் பின்தங்குகிறது. எனவே நிற்பவர் பின்புறம் சாய்கிறார். ஓடும் பேருந்து சட்டென நின்றால் முன்புறம் சாய்கிறார். இளைஞர் உடனே காலை மாற்றி ஊன்றித் தப்புவர். முதுமையிலோ தசை வலி குன்றுகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியின் திறனும் குறைகிறது. எலும்பு மெலிந்திருப்பின் சிறு வீழ்ச்சியும் இடுப்பெலும்பை முறிக்கும். முறிந்தவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை.

ஆதலின் முதியோர் சில முறைகளைக் கைக்கொள்ளுதல் நன்று. பேருந்து முற்றும் நின்ற பின்னரே ஏறவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டால் கைப்பிடிக் கம்பியைப் பற்றக் கை ஒழிந்திருக்கும். சேலை முனையோ வேட்டி நுனியோ காலில் சிக்காதவாறு செருகிக்கொள்ளல் வேண்டும். பயணச்சீட்டுக்குரிய சில்லறையை முன்னரே எடுத்து வைத்தால், ஓடும் பேருந்தில் நின்றபடி முடிச்சவிழ்க்க நேராது. இறங்கும் இடத்தை நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பேருந்து நின்றபின் எழுதல் வேண்டும். படியிலிருந்து காலை எடுக்குமுன், இடப்புறமாக இருசக்கர ஊர்தி ஏதும் வருகிறதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. இறங்கியதும் பேருந்தின் முன்னால் சாலையைக் கடத்தல் ஆகாது. முந்திச் செல்லும் ஊர்திகளுக்குக் கடப்பவர் தெரியார். பேருந்து சென்றபின் இருபுறமும் நோக்கிக் கடப்பதே முறை. பெயர், உறவினரின் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருத்தல் நலம். இடர் நேரின் 112 என்னும் அவசர எண்ணையும், பிற உதவிக்கு 14567 என்னும் முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

எனினும், முதியவர் எத்துணை விழிப்பாயிருப்பினும், அவர்தம் நலம் பிறர் கையிலும் உள்ளது. அவர் அமர்ந்ததைக் கண்ட பின்னரே நடத்துநர் விசில் ஊதுதல் வேண்டும். ஓட்டுநர் சாலையோரத்தை ஒட்டிப் பேருந்தை நிறுத்துதல் வேண்டும். தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. உயரமே உள்ள தாழ்தளப் பேருந்துகளும் இக்காலத்தில் ஓடுகின்றன. 2024-ஆம் ஆண்டில் சென்னையில் அத்தகைய புதிய பேருந்துகள் இயங்கத் தொடங்கின. அவை எங்கும் பெருகுமாயின் ஏறும் துன்பம் பெரிதும் குறையும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. காலையில் பள்ளி செல்லும் வேளையில் படிக்கட்டில் தொங்கி நிற்போர் தம் உயிரை மட்டுமா இடருக்கு உள்ளாக்குகின்றனர்? முதியவர் பற்ற வேண்டிய கைப்பிடியையும் மறைக்கின்றனர். படியை விட்டு உள்ளே செல்லுதல், முதியோர்க்கென ஒதுக்கிய இருக்கையை விட்டு எழுதல், "பொறுங்கள், பாட்டி இறங்குகிறார்" என்று ஓட்டுநர் கேட்கக் குரல் கொடுத்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை.

எட்டு முறை காத்திருந்தாலும் பேருந்துக்கு ஆகும் தாமதம் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களால் மூதாட்டி மருந்துப் பையுடன் மாலையில் நலமாக வீடு திரும்புவார். அவருக்காக வாயிலில் காத்திருக்கும் பேரக் குழந்தைக்கு அதனினும் பெரிய உதவி வேறு யாது?