பெருங்கடலும் அதன் கரையோர மக்களும்

பூகோள வகுப்பில் சுவரில் தொங்கும் படத்தில் மத்தியதரைக் கடலை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என மூன்று கண்டங்கள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. மேற்கே ஜிப்ரால்ட்டரில், அட்லாண்டிக் சமுத்திரத்திற்குச் செல்லும் வாயில் மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உடையது. எபிரேயர் இதனைப் பெருங்கடல் என்றனர்; அராபியர் உரோமையரின் கடல் என்றனர்; துருக்கியர் இன்றும் வெண்கடல் என்கின்றனர். உரோமையரோ 'நம் கடல்' என்று உரிமை கொண்டாடினர். அதன் கரை முழுவதையும் ஒருசேர ஆண்டவர்கள் அவர்கள் மட்டுமே என்பது உண்மைதான். ஆயினும் அவர்கள் உண்ட அப்பத்திற்குக் கோதுமை எதிர்க்கரையிலிருந்து வர வேண்டியிருந்தது!

உரோமைக்கு முன்பே இக்கடலைத் தம் வீதியாக்கிக் கொண்டவர்கள் பினீசியர். இன்றைய லெபனான் கரையில் தீர், சீதோன் ஆகிய பட்டணங்கள் அவர்களுடையவை. பின்னால் கேதுரு மரங்கள் நிறைந்த மலை, முன்னால் கடல். உழுது பிழைக்க நிலம் குறைவு. ஆகவே மரத்தையும், கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயத்தையும் கப்பலேற்றினர். அச்சரக்குகளெல்லாம் அழிந்து போயின. அவர்களோடு பயணம் செய்த 22 எழுத்துகள் மட்டும் அழியவில்லை. அவை அனைத்தும் மெய்யெழுத்துகள். கிரேக்கர் அவற்றைக் கற்று, சிலவற்றை உயிரெழுத்துகளாக மாற்றிக் கொண்டனர். பின்பு அவை இத்தாலிக்குச் சென்றன. நமது ஆங்கில நோட்டில் பெரிய 'ஏ' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். இரண்டு கொம்புகளோடு எருதின் தலை தெரிகிறதல்லவா? அதன் பினீசியப் பெயருக்கு எருது என்றே பொருள்.

உரோமைக்குக் கோதுமை கொண்டு சென்ற அலெக்சாந்திரியாக் கப்பல் ஒன்றில்தான் புனித சின்னப்பர் கைதியாகச் சென்றார். (அதே அலெக்சாந்திரியாவுக்கு நமது முசிறி மிளகும் செங்கடல், நைல் நதி வழியாகப் போய்ச் சேர்ந்தது. செங்கடல் துறையான பெரனிக்கேயில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருப்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை.) குளிர்காலத்தில் அக்கடலில் பாய் விரிப்பது ஆபத்து என்று மாலுமிகள் அறிந்திருந்தும், பருவம் தப்பிப் புறப்பட்டனர். பதினான்கு நாள் புயலில் அலைக்கழிந்து, கோதுமையையும் கடலில் கொட்டினர். மெலித்தாத் தீவில், அதாவது இன்றைய மால்டாவில், கப்பல் உடைந்தது. 276 பேரும் கரையேறினர் என அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டிக் கொடுத்தனர். வந்தவர்கள் யார், எந்தச் சமயத்தார் என்று அவர்கள் முதலில் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கடல் எப்போதும் அவ்வாறு இருந்ததன்று. பல நூற்றாண்டுகளாக இரு கரையினரும் எதிர்க்கரை மக்களைப் பிடித்து அடிமைகளாக்கினர். கிறிஸ்தவர் அல்ஜீர்ஸில் விற்கப்பட்டனர். முஸ்லிம்கள் கிறிஸ்தவ அரசர்களின் கப்பல்களில் துடுப்பு வலித்தனர். இதில் எந்தப் பக்கமும் கை கழுவிக்கொள்ள இயலாது. ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1575 முதல் 1580 வரை அல்ஜீர்ஸில் சிறைப்பட்டிருந்தார். பணம் செலுத்தி அவரை மீட்டவர்கள் திரித்துவ சபைத் துறவியர். கைதிகளை மீட்பதே 1198இல் அங்கீகாரம் பெற்ற அச்சபையின் தலையாய பணியாயிருந்தது.

மால்டாவுக்கு மேற்கே லாம்பெதூசா என்னும் சிறு தீவு இருக்கிறது. இத்தாலிக்கு உரியதாயினும் ஆப்பிரிக்கக் கரைக்கே அருகில் உள்ளது. 2013 அக்டோபர் 3ஆம் நாள் விடியுமுன், லிபியாவிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த படகு கரைக்கு அருகிலேயே தீப்பற்றிக் கவிழ்ந்தது. 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் எரித்திரிய நாட்டவர். 155 பேர் பிழைத்தனர். அவர்களுக்கு முதலில் கைகொடுத்தவர்கள் உள்ளூர்ப் படகுக்காரர்கள். நீந்தியவர்களின் உடலெல்லாம் டீசல் எண்ணெய் படிந்திருந்ததால், பற்றிய கைகள் வழுக்கி வழுக்கிச் சென்றன என்று அவர்கள் பின்னர் கூறினர்.